ஆண் தீவனம்

ஜிலேபி மீன்குஞ்சுகள் ஆணும் பெண்ணுமாகத்தான் பிறக்கும். பண்ணையில் ஹார்மோன் கலந்த தீவனத்தைத் தின்றால் பெண்குஞ்சும் ஆணாக வளர்ந்துவிடும். அந்தத் தீவனத்தைக் கலப்பது தவமணியின் வேலை. அவள் மருமகள் கஸ்தூரியும் அங்கேதான் வேலை பார்த்தாள். மூன்றாவதாக உண்டானதும், “வயித்துப்புள்ளக்காரி இதத் தொடவே கூடாது” என்று மேலாளர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முதல் இரண்டும் பெண்.

அன்று மத்தியானம் தவமணி தானே குழம்பு வைத்துப் பரிமாறினாள், பார்த்துக்கொள்ளுங்கள். சோற்றைப் பிசைந்த கஸ்தூரி கையை மூக்கருகே கொண்டுபோனாள். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத அந்தத் தீவன வாசம்.

“என்னத்தப் போட்டீங்க அத்த?”

“நல்லதத்தான் போட்டேன். கண்ண மூடிக்கிட்டு முழுங்கு.”

“அதத் தின்னு ஆணான மீனு உள்ளுக்குள்ள இன்னமும் பொட்டதானாம். மேலாளர் சொன்னாரு.”

“உள்ள எவன் பாக்கப்போறான்?”

தவமணி எதிரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

விளையாடிக்கொண்டிருந்த மூத்தவள் ஓடிவந்து, “எனக்கு ஒரு வாய்” என்று வாயைத் திறந்தாள். கஸ்தூரி சோற்றை உருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டு மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பத்தாகிட்ட கேளுடி, தரலாமான்னு.”

குழந்தை திறந்த வாயோடு தவமணியின் பக்கம் திரும்பியது.