சிவப்பு அட்டைப் புத்தகம்

"லைப்ரரிக்காரத் தம்பி தோணியில வந்திரிக்கார்" என்று மனைவி சுலோஜனா சொன்னதும், இராசதுரை மாஸ்டர் கையிலிருந்த சிவப்பு அட்டைப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளினார்.

சிறுவர் கதைகளின் பழைய படப் பதிப்புகளைச் சேர்ப்பது அவருக்கு ஒரு பைத்தியம். இது பதினொரு வருடங்களுக்கு முன் அக்கரை நூலகத்தில் இரவல் எடுத்தது.

"நான் இல்லையெண்டு சொல்லு."

"இரிக்கிறீங்கெண்டு சொல்லிப்போட்டனே."

வெளியே உதயரூபன் ஒரு பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தான். "உங்கட பேர்ல ஒரு படப் புத்தகம் இரிக்கு சேர். முதல் பதிப்பு."

"அதை அப்பவே தந்திட்டனே."

உதயரூபனின் முகம் வாடிவிட்டது. "அப்ப அதுவும் போயிட்டு" என்று எழுந்தான்.

சுலோஜனாவுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

மாஸ்டர் தலையைக் குனிந்தார். "பிழைதான் தம்பி. படங்களில ஆசைப்பட்டுட்டன்."

"பிழையா?" உதயரூபன் அட்டையைத் தடவிச் சிரித்தான். "சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு மிஞ்சினது இந்தப் பதிவேடு மட்டும்தான் சேர். திருப்பித் தராத ஆக்களை நம்பித்தான் வீடு வீடாத் திரியிறன். நீங்க ஒழுங்காத் தந்திருந்தா இதையும் கடல் கொண்டுபோயிருக்கும்."

மாஸ்டர் நிமிர்ந்தார். விறுவிறுவென்று உள்ளே போனவர், இரண்டு கைகளாலும் ஒரு புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"உங்கட பதிவில எழுதாம எடுத்தது இன்னும் ஆறு இரிக்கு தம்பி" என்றார், பெருமையாக.