பத்து பிட் இருட்டு

"அந்தத் தூணுக்குப் பின்னாடி நிக்கிறாருல்ல, அவரு மூஞ்சி தெரியணும்ணே. எப்படியாவது பண்ணிக் குடுங்க."

சிவரஞ்சனி திரையைத் தொட்டே காட்டினாள். பெரம்பலூரில் வீரமணியின் வீடியோ ஸ்டூடியோ மாடியில் இருந்தது. ஏழு மாத வயிற்றோடு படியேறி வந்தவள், மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

திரையில், அரியலூர் மண்டபத்தில் நடந்த அவளுடைய கல்யாண ரிசப்ஷன் ஓடிக்கொண்டிருந்தது. வீடியோ எடுத்ததும் எடிட் செய்ததும் வீரமணிதான்.

"யாருன்னு நெனக்கிற தங்கச்சி?"

"எங்கப்பா."

பாடாலூர் வெள்ளைச்சாமி. மகள் வேறு சாதியில் அறிவரசனைக் கட்டிக்கொள்கிறாள் என்றதும், 'எனக்கு மகளே இல்லை' என்று பங்காளிகள் நடுவில் சொல்லிவிட்டவர். அதற்குப் பிறகு அவள் அப்பாவின் முகத்தையே பார்க்கவில்லை.

"அன்னிக்குச் சாயங்காலம் அவரு அரியலூர் பஸ் ஏறினதைச் சித்தி பாத்துச்சாம். அந்தத் தோளைப் பாருங்கண்ணே, அச்சு அசல் எங்கப்பா தோள்."

"சேச்சே, அவரா இருக்காது."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

வீரமணி மௌஸை நகர்த்தி, படத்தின் வெளிச்சத்தை ஏற்றினான். இருட்டு கட்டம் கட்டமாக உடைந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் திட்டுதான் இருந்தது.

"பாத்தியா? கேமரா எடுத்தது பத்து பிட். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல ஆயிரம் படி இருக்கும். என் பழைய சாஃப்ட்வேர் எட்டு பிட்டுதான் வாங்கும். உள்ள விடும்போதே ஆயிரத்தை இருநூத்திச் சொச்சமா நறுக்கிடுச்சு. இருட்டுல இருந்த ஜாடையெல்லாம் அதோட போச்சு."

"ஒரிஜினல் இருக்குல்ல?"

"இருக்கு..."

"புது சாஃப்ட்வேர் வாங்கிட்டேன்னு நீங்கதானே ஸ்டேட்டஸ் போட்டீங்க? அது பத்து பிட்டையும் முழுசா வாங்கும்ல? அப்புறம் என்னண்ணே இப்படி நழுவுறீங்க!"

இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. வீரமணி ஒரிஜினலைத் தேடி எடுத்து, எதையும் நறுக்காமல் பத்து பிட்டாகவே உள்ளே விட்டு, இருட்டை மட்டும் தூக்கி, மறுபடி ஓடவிட்டான். கம்ப்யூட்டர் முக்கி முனகியது.

"அடுத்த வாரம் வளைகாப்பு" என்றாள் சிவரஞ்சனி. "அப்பா வந்திருந்தாருன்னா நானே பாடாலூர் போயி, காலைப் புடிச்சாவது கூட்டியாந்துருவேன். வரலைன்னா அந்த வாசப்படியை மிதிக்கமாட்டேன். அவ்ளோதான்."

"ஏம்மா இவ்ளோ வீம்பு?"

"வீம்பா? தெனமும் போனை எடுத்து அவரு பேரைப் பாத்துட்டு வெச்சிடறேண்ணே. தெருவுல யாரு பைக் வந்தாலும் அவருதானோன்னு எந்திரிச்சுப் போறேன். மனசு கெடந்து தேடுது. ஆனா பெத்த மக கல்யாணத்துக்கு எட்டிக்கூடப் பாக்காதவரை எப்படிண்ணே கூப்பிடுறது?"

வீரமணி தலையைக் குனிந்துகொண்டான்.

படம் தயாரானது. இப்போது தூண் தெளிவாகத் தெரிந்தது. சட்டையின் கோடு, தோளில் துண்டு, நெற்றிச் சுருக்கம் எல்லாமே தெரிந்தன. சிவரஞ்சனி நாற்காலி நுனிக்கு வந்தாள்.

காதில் பீடி செருகிய சமையல்காரர்.

"இவரு இல்ல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்தாள். "சரிண்ணே. அவரு வரல. இனிமே தேடமாட்டேன்."

அவள் கதவைத் திறக்கும்வரை வீரமணி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அதற்குமேல் அவனால் முடியவில்லை.

"நில்லு தங்கச்சி! பங்காளிங்க காதுக்குப் போயிடும், யார்கிட்டயும் மூச்சு விடாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. சத்தியம் கெட்டா கெட்டுட்டுப் போகுது. படத்துல தேடினா அவரு எப்படிம்மா கெடைப்பாரு? தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, என் கேமராவுக்குப் பக்கத்துலயே நின்னு, கடைசி வரைக்கும் ஒன் மூஞ்சிக்கு லைட் புடிச்சதே ஒங்கப்பாதான்!"