கறாரான பார்ட்டி

கொச்சி மட்டாஞ்சேரி டிசைன் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த சுதர்ஷனுக்கு, சீனியர் கங்கா படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஸ்கேனில் கிடைத்த வலைப்பின்னல் போன்ற ஒரு மெஷ் ஃபைலை அவள் CAD வடிவமைப்பு சாஃப்ட்வேரில் குடுவை போன்ற சாலிட் மாடலாக மாற்றிக்கொண்டிருந்தாள். மூன்று முறை 3டி பிரிண்ட் எடுத்தும் பார்ட்டிக்குத் திருப்தியில்லை.

"இந்த மேடு ஸ்கேன் பிசிறுதானே சேச்சி? தேச்சு வழவழன்னு ஆக்கிடட்டா?"

"தொட்டுடாதே. அதுக்கு இடம் விடலேன்னா பார்ட்டி மறுபடியும் திருப்பிடும்."

"அப்படியென்ன கறார்? நம்பர் குடுங்க, நான் பேசறேன்."

"யார் சொன்னாலும் கேக்காதுடா அது."

மறுநாள் பிரிண்ட் கடையிலிருந்து நான்காவது பிரிண்ட்டை ஒரு பாதத்தோடு பொருத்திப் பெட்டியில் ஆபீஸுக்கு அனுப்பியிருந்தார்கள். கங்கா நாற்காலியில் உட்கார்ந்து, சுடிதாரைச் சுருட்டிவிட்டு, தன் செயற்கைக் காலைக் கழற்றினாள். திரையில் பார்த்த அதே மேடு, அவள் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

சுதர்ஷன் பெட்டியிலிருந்ததை எடுத்து நீட்டினான்.

புதிய காலை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாள். அதே வேகத்தில் ஏறி வந்தாள்.

"பார்ட்டி... என்ன சொல்லுது சேச்சி?"

கங்கா நிமிர்ந்து நின்றாள்.

"ஒரு குறையும் சொல்லலே. வாடா, சாயா குடிக்கப் போலாம். ஆட்டோ வேண்டாம்."