மனைவியின் நாற்காலி

வியன்னாவின் அந்த நாடக அரங்கில், வந்து உட்கார்ந்ததுமே நாற்காலி ஆளை அளந்துவிடும். ஆட்டம் முடியும்வரை அந்த அளவு மாறாது. நாயகன் பேசும் ஜெர்மன் அவரவர் மொழியில், அவரவர் மனத்துக்கு மிகவும் பிடித்த குரலில் காதில் விழும். முதல் பாதி முழுக்கச் சிதம்பரநாதன் சொக்கிப்போயிருந்தான். என்ன கம்பீரம்! யாருடைய குரல் என்றுதான் பிடிபடவில்லை.

இடைவேளையில் மனைவி தமயந்தி, "முன்னாடி இருக்கிறவர் தலை மறைக்குதுங்க" என்றாள்.

"நீ இங்க வா. நான் அங்க உக்காந்துக்கிறேன்" என்று பெருந்தன்மையாக இடம் மாறினான்.

விளக்கு அணைந்தது. நாயகன் வாயைத் திறந்தான். தியாகுவின் குரல்! தமயந்தியின் அத்தை மகன். சிதம்பரநாதனுக்கு முன்னால் அவளுக்கு மாப்பிள்ளையாகப் பேசிவைத்திருந்தவன். பேச்சுக்கு நடுவே சிரிப்பை அடக்கிக்கொள்ளும் பழக்கம்கூட அப்படியே இருந்தது. ஐரோப்பாவுக்குக் கூட்டிவந்தவன் நான், காதுக்குள் குடியிருப்பவன் அவனா?

நாடகம் முடிந்தது. மகள் வானதி முன்னால் ஓடியதும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்: "தியாகு குரல்தான் உனக்கு இனிக்குதா?"

தமயந்தி மறுக்கவில்லை. கோட்டின் பொத்தானைப் போட்டபடி, "உங்க நாற்காலியில யார் குரல் கேட்டுச்சு தெரியுமா?" என்றாள்.

அவனுக்குப் பகீரென்றது. "யா... யாரு?"

"உங்க குரல்தான். வியன்னா வரைக்கும் வந்தும், வீட்டுலயே உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு."