குடும்பத் தலைவர்

புருஷன் அடித்துக் கையை முறித்ததும் கோகிலவாணி அவனுக்குத் தெரியாமல் வேறு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். கட்டுப் போடப் போன ஆஸ்பத்திரியில் முகவரி கேட்டார்கள்.

“அவருக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரும்மா.”

“நாங்க யாருக்கும் சொல்ல மாட்டோம்க்கா. இங்க ஒரு தடவை பதிஞ்சா ரேஷன், பேங்க், கேஸ், கார், கதவுப் பூட்டு எல்லாத்துலயும் தானா மாறிடும், அவ்வளவுதான்,” என்றாள் கவுன்டர் பெண்.

வலி தாங்காமல் சொல்லிவிட்டாள். அவள் பெயர் இன்னும் அவன் ரேஷன் கார்டில்தான் இருந்தது.

மாலையில் அவன் தன் தானோட்டிக் காரில் ஏறி, வழக்கம்போல, “வீட்டுக்குப் போ,” என்றான். கார் அவளுடைய புது வாசலில் வந்து நின்றது. ஜன்னலில் அவளைப் பார்த்ததும் ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

அவள் கதவில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றாள்.

“வணக்கம், குடும்பத் தலைவரே!” என்ற மின்பூட்டு, அவளையும் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டது.