எர்த் குழிக்கு இரண்டு குடம்

ஐம்பத்திரண்டு வோல்ட். அரை ஆம்பியர்.

வகுத்துப் பார்த்தான். நூற்றுநான்கு ஓம்.

ஏதோ சரியாகப் பிடிக்கவில்லை என்று மீட்டரின் கம்பிகளைக் கழற்றி, மண்டபத்து எர்த் கம்பியின் முனையைச் சுரண்டி, மறுபடி மாட்டினான்.

அதே நூற்றுநான்கு.

இரண்டு ஓமுக்குள் இருந்தால்தான் நல்ல குழி.

கல்யாண மண்டபத்தின் பின்கட்டில், எர்த் குழிக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தான். எந்த மெஷினில் கரண்ட் கசிந்தாலும் மண்ணுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டிய குழி அது. வருடா வருடம் அதை அளந்து சான்று எழுதித் தருவது அவன் வேலை.

ஒரு வருடமும் அளந்ததில்லை.

ஒன்று புள்ளி நான்கு. ஒன்று புள்ளி ஆறு. போன வருடம் ஒன்றரை. எல்லாம் சமையல்கட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவை. ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வருமென்று கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் போடுவான். அந்தச் சாமர்த்தியத்தில் அவனுக்குப் பெருமைகூட உண்டு. எழுதி முடிக்கும்வரை காபி ஆறிவிடாமல் டம்ளரைத் தட்டுப் போட்டு மூடி வைத்திருப்பாள் பூவாத்தா.

வெள்ளிக்கிழமை காலை கிரைண்டரில் ஈரக்கையை வைத்து, கரண்ட் அடித்துச் செத்தவள் அவள்தான்.

நாளை மின்சார இன்ஸ்பெக்டர் வருகிறார். அதற்குள் ஒருதடவை பார்த்துவிட்டு வா என்று முதலாளி அனுப்பியிருந்தார்.

கணக்கு தன்பாட்டில் ஓடியது. நிறுத்த முடியவில்லை.

இருநூற்று முப்பது வோல்ட்டை நூற்றுநான்கால் வகுத்தால் இரண்டு ஆம்பியர் சொச்சம். ஐந்நூறு வாட். ஒரு மிக்ஸி ஓடுகிற அளவு. பதினாறு ஆம்பியர் ஃபியூஸுக்கு அது உறைக்கவே உறைக்காது; கசிந்த கரண்ட் கிரைண்டரிலேயே நிற்கும்.

அவன் எழுதிய ஒன்றரை உண்மையாக இருந்திருந்தால் நூற்றைம்பது ஆம்பியர். கசிந்த கணமே ஃபியூஸ் போயிருக்கும். பூவாத்தா ஃபியூஸைத் திட்டிக்கொண்டே மாவைக் கையால் ஆட்டி முடித்திருப்பாள்.

குழியின் மூடியைத் தூக்கினான். இரும்புப் பட்டை துருவேறி, மேலேயே அறுந்து கிடந்தது. மண்டபத்துக்கும் அந்தக் குழிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

எத்தனை வருடமாகவோ.

மூடியை அவசரமாகப் போட்டான்.

குடத்துடன் வந்து நின்றார் மயில்சாமி. மண்டபத்துக் காவல்காரர். பூவாத்தாவின் கணவர்.

“தண்ணி ஊத்தட்டுங்களா சார்? குழி காயக்கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. நெதம் ரெண்டு கொடம் ஊத்துவேனுங்க. மக ஊட்டுக்குப் போயி வெள்ளிக்கெழமைக்கு முந்தி மூணு நாளு ஊத்தாம உட்டுட்டேன்.”

குடத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அதனாலதானுங்களா?”

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால், பின்னே எதனால் என்று கேட்பார்.



“ஊத்துங்க,” என்றான்.

மூடியின் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. முழுக் குடமும் இறங்கும்வரை இருவரும் அதையே பார்த்தார்கள்.

மீட்டரை மறுபடி வைத்தான்.

ஐம்பத்திரண்டு. அரை.

மயில்சாமிக்கு எண்கள் தெரியாது. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொறஞ்சுதுங்களா சார்?”

“குறைஞ்சிருச்சு.”

அவர் மெல்லத் தலையாட்டினார்.

பிறகு இன்னொரு குடம் பிடிக்கப் போனார்.