பின்னால் வந்த பஸ்

மாரத்தான் ஓடப் போன வங்கி மேனேஜர், கடைசியில் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

ஓட முடியாமல் வழியில் உட்கார்ந்துவிடுகிறவர்களை ஏற்றிக்கொள்ள, பந்தயத்தின் வால் பிடித்து வருகிற ஸ்கூல் பஸ் அது. குழந்தைகளுக்கான சீட். மேனேஜரின் முழங்கால்கள் முன்சீட்டில் இடித்தன.

ஒரு மாதமாக ஆபீஸில் இதே பேச்சுதான். புது ஷூ, புது வாட்ச். காலையில் எல்லாரையும் முந்திக்கொண்டு பாய்ந்தார். பாதி தூரம் தாண்டியதும் கெண்டைக்கால் முறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதோடு சரி.

பஸ்ஸில் அவரோடு ஒரு பல் டாக்டரும், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும் இருந்தார்கள். பஸ்ஸுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். கடைத்தெரு பேக்கரிக்காரம்மா.

அதை ஓட்டம் என்று சொல்ல கொஞ்சம் தாராள மனசு வேண்டும். கனத்த உடம்பு. பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வருகிற மாதிரி ஒரு நிதானம். வாசலில் நின்றவர்கள் கையசைத்தால் பதிலுக்குக் கையசைத்தார். நலம் விசாரித்தால் ஓடிக்கொண்டே பதில் சொன்னார். காலையில் அவரைத் தாண்டும்போது மேனேஜர், இந்த வேகத்தில் போனால் நாளைக்குத்தான் போய்ச் சேருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பரவாயில்லை தம்பி, நாளைக்குக் கடை லீவுதான்" என்று அந்தம்மா சிரித்தார்.

பஸ்ஸுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரே சீரான வேகத்தில் வரும். யாரையாவது எட்டிப் பிடித்துவிட்டால் அவர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஏறிக்கொள்ள வேண்டும். எல்லைக்கோட்டில் பஸ் வந்து நின்றதும் பந்தயம் முடிந்தது. மெடல் மேஜையை மடக்கிவிடுவார்கள்.

கடைசித் திருப்பம் வந்தபோது, பஸ்ஸின் மூக்கு அந்தம்மாவின் முதுகில் முட்டிவிடும் போலிருந்தது. நேர் எதிரே, ரோட்டின் கோடியில் எல்லைக்கோடு தெரிந்தது. ஹாரன் அடித்து அவரையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லலாம் என்று மேனேஜர் வாயெடுத்தார்.

பஸ் ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது.

டிரைவர் கீழே குனிந்து எதையோ தட்டினார். நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினார்.

"என்னப்பா ஆச்சு?"

"தெரியல சார். பழைய வண்டி."

இறங்கிப் போய் பானட்டைத் திறந்தார். பார்த்தார். துணியால் எதையோ துடைத்தார். மறுபடி பார்த்தார். அவசரமே இல்லை அவருக்கு.

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் மனைவியும் மகளும் காத்திருந்தார்கள். தோற்ற முகத்தைக் காட்டத்தான் வேண்டும் என்றால், சீக்கிரம் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். பந்தயக் கமிட்டிச் செயலாளருக்குப் போன் போட்டார்.

"யாரைப் பிடிச்சு வண்டி ஓட்டச் சொன்னீங்க? பானட்டுக்குள்ள என்ன இருக்குன்னே இந்த ஆளுக்குத் தெரியல."

செயலாளரும் அலுத்துக்கொண்டார். பஸ் வராமல் பந்தயத்தை முடிக்கவும் முடியாது, எல்லாரும் வெயிலில் நிற்கிறோம் என்றார்.

டிரைவர் காதில் எல்லாம் விழுந்தது. முகம் மாறவில்லை. எல்லாரும் கொஞ்சம் இறங்கித் தள்ளினால் கிளம்பிவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு மேனேஜர் இறங்கினார். ஒரு பக்கம் அவரும் பல் டாக்டரும், மறுபக்கம் அந்த ஜோடி. தம் கட்டித் தள்ளினார்கள். மனைவி பார்க்கிறாளே என்று புது மாப்பிள்ளை கொஞ்சம் அதிகமாகவே முக்கினார். மலையைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. பஸ் ஒரு அங்குலம் நகரவில்லை.

"இந்த லட்சணத்துல வண்டிய வச்சுக்கிட்டு, தினம் குழந்தைங்கள வேற ஏத்திட்டுப் போறியா?" என்றார் மேனேஜர், மூச்சு வாங்க.

டிரைவர் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையை மட்டும் ஆட்டினார்.

தூரத்தில் கைதட்டல் கேட்டது. ஒரு விசில். பேக்கரிக்காரம்மா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். யாரோ அவர் கழுத்தில் மெடலை மாட்டுவது இங்கிருந்தே தெரிந்தது.

"போதும் சார். எல்லாரும் ஏறுங்க."

மேனேஜர் முன்பக்கமாக ஏறினார். அப்போதுதான் பார்த்தார். அதுவரை இழுத்துப் பிடித்திருந்த ஹேண்ட் பிரேக்கை டிரைவர் மெல்ல விடுவித்தார். சாவியைத் திருகினார். முதல் திருகிலேயே இன்ஜின் உறுமியது.

மேனேஜர் ஹேண்ட் பிரேக்கையும் டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

டிரைவர் அவர் பக்கம் திரும்பாமலே பேசினார். "போன வருஷமும், அதுக்கு முந்தின வருஷமும் அந்தம்மாவ இதே திருப்பத்துல நான்தான் சார் ஏத்தினேன். 'கோடு கண்ணு முன்னாடி தெரியுதே, போயிடுவேனே'ன்னு கேட்டாங்க. ரூல் அப்படி, ஏத்திட்டேன். இறங்குற வரைக்கும் தலைய நிமிர்த்தவே இல்ல."

மேனேஜரின் போன் அடித்தது. செயலாளர்தான். வண்டி வருவதைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். அந்த டிரைவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் புகார் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார்.

மேனேஜர் கோட்டருகே மெடலோடு நின்ற அந்தம்மாவைப் பார்த்தார்.

"அவர் மேல ஒரு தப்பும் இல்லைங்க. வண்டி நிஜமாவே மக்கர் பண்ணிடுச்சு. தள்ளினவன் நான், எனக்குத் தெரியாதா?"